கூலமும் கூலியும்

(திருவண்ணாமலையில் நடைபெற்ற தமிழ்ப் பொழிவில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



உணவு, கூலி, அளவை என மூன்று சொற்களை அடுக்கி, இவற்றைப் பற்றிப் பேசுக என்று என்னைப் பணித்திருக்கின்றனர். மூன்று பொழிவுகளுக்குரிய பொருளை ஒன்றில் அடைத்துவிட்டார்களே என்று முதலில் மலைத்தேன். எண்ணிப் பார்த்தபின்னரே, நம் முன்னோர் இம்மூன்றையும் ஒன்றாகவே வைத்திருந்தனர் என்பதும், பிரித்தவர்கள் நாம்தாம் என்பதும் விளங்கின.

நெல், வரகு, தினை, சாமை, கேழ்வரகு, கம்பு, சோளம் ஆகிய எல்லாவற்றுக்கும் கூலம் என்பது பொதுப்பெயர். சிலப்பதிகார மதுரையில் கூலவீதி இருந்தது. மணிமேகலை பாடிய சாத்தனார் கூலவாணிகர். அந்தக் கூலத்தை அளந்து பெற்றுக்கொண்டு செய்த வேலைக்குக் கிடைத்தது கூலி. மொழிஞாயிறு பாவாணர் இதனை விளக்கியதோடு நில்லாமல், சம்பளம் என்பதும் சம்பா நெல்லும் அளமாகிய உப்பும் சேர்ந்து பிறந்த சொல்லே என்று காட்டினார். உரோமர் மொழியில் உப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் ஆங்கிலத்தின் 'சாலரி' பிறந்தது என்பதை அறிந்தவர்கள் இதனைக் கேட்டு வியக்கமாட்டார்கள்.

படி என்னும் சொல்லையும் பாருங்கள். படி என்பது முகத்தலளவை. ஆண்டு முழுதும் ஒருவர் நிலத்தில் உழைத்து, படியால் அளந்த நெல்லைப் பெற்றவன் படியாள். கடவுளையே நாம் படியளப்பவர் என்கிறோம். மதுரையில் மார்கழித் திங்களில் அதற்கென்றே ஒரு திருவிழா உண்டு. இன்று அரசு அலுவலகங்களில் பயணப்படி, வீட்டு வாடகைப்படி, அகவிலைப்படி என்றெல்லாம் எழுதுகின்றனர். நான் அதனைக் குறைகூறவில்லை, நல்ல தமிழ்ச்சொற்கள். ஆனால் களத்துமேட்டில் வியர்வை சிந்தியவனுடைய படி, மின்விசிறியின் கீழ்க் குடிபுகுந்துவிட்டது. படியாள் என்னும் பெயரோ, சொன்னால் இழிவு என்று கருதப்படும் நிலைக்கு இறங்கிவிட்டது.

கூலிக்கும் அதே கதிதான். வள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் கூலி என்னும் சொல்லை முயற்சியின் பயனுக்கே பெயராக வைத்தார். அதனைவிடப் பெருமை ஒரு சொல்லுக்கு வேண்டுமா? அச்சொல்லைத்தான் ஆங்கிலவர் வாயில் போட்டுத் தென்னாப்பிரிக்காவுக்கும் ஈழத்துத் தேயிலை மலைக்கும் மலேயாவின் இரப்பர்த் தோட்டத்துக்கும் கொண்டுபோய், 'கூலி' என்று தமிழனைத் துப்புவதற்குப் பயன்படுத்தினர். 1860-இல் நேட்டாலுக்குச் சென்ற முதற்கப்பல் சென்னையிலிருந்துதான் புறப்பட்டது. அதன் பின் சென்றோரில் மிகப்பலர் நம் ஆர்க்காட்டு மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். திங்களுக்குப் பத்து சில்லிங்கும் அளந்து கொடுக்கும் அரிசியுமே அவர்கள் கண்ட வாழ்வு. இங்கே படியால் அளக்கப்பட்டவர்கள் அங்கே பவுண்டால் அளக்கப்பட்டனர், அவ்வளவுதான் வேறுபாடு.

கூலி என்பது இழிந்துபோனதால், இப்போது மேடைக்கு ஊதியம் என்று மாற்றிக்கொண்டோம். வள்ளுவரில் ஊதியம் என்றால் பேறு, மிகுதியாகக் கிடைத்தது என்று பொருள். புகழதிகாரத்தின் முதற்குறளைப் பார்த்தால் தெரியும். உண்ணவும் போதாத கூலிக்கு மிகுதி என்று பெயரிட்டு வைத்திருக்கிறோம்! களத்தில் நெல்லளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்னாமல் 'லாபம்' என்று எண்ணித் தொடங்கும் வழக்கம் இப்பக்கத்தில் உண்டு. எவன் புகுத்திய சொல்லோ! அந்த இடத்தில் சொல்லவேண்டிய சொல் ஊதியமே. இது நிற்க.

இனி, உணவுக்கு வருவோம். தொலைவில் தேட வேண்டியதில்லை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் நம் மண்ணின் நூல். நன்னனது நவிரமலை இன்றைய பருவதமலை. அவனது செங்கண்மா இன்றைய செங்கம். அந்நூலின் சேயாறே நம் செய்யாறு. பெருங்கௌசிகனார் அதில் கூத்தருக்கு வழிசொல்லும்போது, எந்த மலையில் என்ன கிடைக்கும், எந்தச் சிற்றூரில் என்ன சமைப்பார்கள் என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே போகிறார். மூங்கிலரிசியும் மேட்டுநிலத்து நெல்லரிசியும் கலந்து, அவரை விதையும் புளியும் கூட்டிச் சமைத்த புளிங்கூழ் அதிலே வருகிறது. தினைச்சோறு வருகிறது. வந்தவன் யாரென்று கேளாமல் இடும் சோறு வருகிறது. பல நூற்றாண்டுக்கு முற்பட்ட அந்த அவரையும் புளியும் கூழும் என் தாயின் அடுக்களையில் அப்படியே இருந்தன.

என் இளமையில், அதாவது 1960-களில், எங்கள் வீட்டில் நெற்சோறு பொங்கலுக்கும் கார்த்திகைக்கும் விருந்தினர்க்கும் உரியது. நாளும் உண்டது கேழ்வரகு. முதல்நாளே மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யரிசியை வேகவைத்து அதில் இட்டுக் காய்ச்சிய கூழ் காலையில். வெங்காயமும் மிளகாயும் அதற்குத் துணை. இரவில் களி. கொதிக்கும் நீரில் மாவைக் கொட்டித் துடுப்பால் கிளறி, ஈரக்கையால் உருட்டி, கொள்ளுக் கடைசலோ கீரைக் கடைசலோ சேர்த்து விழுங்குவோம். களியை மெல்லக்கூடாது என்பார் என் தாய். மென்றால் விரைவில் பசிக்குமாம். மெல்லாமல் விழுங்கக் கற்றுக்கொடுத்த வறுமையை இன்று நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது. மல்லாட்டை பிடுங்கும் காலத்தில் மட்டும் வீட்டில் ஏதேனும் தின்பதற்கு இருக்கும். மணிலாக்கொட்டை என்னும் அயற்பெயரை நம் மக்கள் மல்லாட்டை என்று மாற்றி வைத்துக்கொண்டனர். தனித்தமிழ் பேசும் நான் இதனைக் குறைசொல்லேன். மக்கள் வாய் அரைத்துத் தந்த சொல் அது.

இன்றோ கூழும் களியும் வேறு வகையில் திரும்பிவருகின்றன. 2023-ஆம் ஆண்டை ஒன்றிய நாடுகள் அவை இவ்வகைக் கூலங்களுக்குரிய ஆண்டாக அறிவித்தது. அதன்பின் பட்டணத்துக் கடைகளில் சாமையும் வரகும் தினையும் பளபளக்கும் பையில் அடைக்கப்பட்டு, 'மில்லெட்' என்று பெயர் சூடி, நெல்லரிசியினும் மிக்க விலையில் அமர்ந்திருக்கின்றன. சவ்வாது மலையில் சாமை விளைப்பவனுடைய பெயர் அந்தப் பையில் இல்லை. சாமை என்னும் பெயர்கூடச் சிற்றெழுத்தில்தான். 'சிறுதானியம்' என்று அரசு எழுதுகிறது. சிறுகூலம் என்று எழுதினால் எந்த வானம் இடிந்துவிழும்? கேழ்வரகை 'ராகி' என்று சொன்னால்தான் பிள்ளைகள் உண்பார்கள் என்று ஒரு தாய் என்னிடம் கூறினார். சோறு என்றால் கீழ்மக்கள் சொல், சாதம் என்றால் மேன்மக்கள் சொல் என்று நினைத்த தலைமுறை போய், இப்போது 'ரைசு' என்னும் தலைமுறை வந்துவிட்டது. நம் கோயிற்சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகளைப் படித்துப் பாருங்கள். இறைவனுக்குப் படைத்தவை திருவமுது, கறியமுது, நெய்யமுது, தயிரமுது, வெற்றிலைபாக்குக்கூட அடைக்காயமுது. கடவுளுக்குத் தமிழில் ஊட்டியவர்கள் நம் முன்னோர்.

அக்கல்வெட்டுகள் அளவைக்கும் நற்சான்று. எத்தனை நாழி அரிசிக்கு எத்தனை நாழி நெல் வேண்டும் என்பதை அவர்கள் கணக்கிட்டே வைத்தனர். நெல் ஐந்துக்கு அரிசி இரண்டு; இதனை ஐந்திரண்டு வண்ணம் என்பார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடவல்லான் என்னும் பெயரில் ஒரு மரக்கால் இருந்தது. அரசனுடைய இராசகேசரி மரக்காலோடு அது ஒத்திருக்கும் என்று கல்லிலேயே வெட்டிவைத்தனர். அக்கோயிலில் ஆடல்பாடற் பணிக்கு அமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கும் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல் அந்த மரக்காலால் அளக்கப்பட்டது. கணக்கிட்டுப் பாருங்கள்: இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, அதுவே மரக்கால், இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். கலத்துக்கு 96 நாழி. 100 கலத்துக்கு 9,600 நாழி. நாளொன்றுக்கு 26 நாழிக்கு மேல். அந்த நெல்லை அறுத்துக் கட்டிச் சுமந்த பெண்ணுக்கு என்ன அளந்தார்கள் என்பதற்குத்தான் கல்லில் இடமில்லை.

தமிழனின் அளவையறிவு சோழரோடு தொடங்கியதன்று. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்திலேயே, அளவைப்பெயரும் நிறைப்பெயரும் ஒன்பது எழுத்துகளை முதலாகக்கொண்டு வரும் என்று வரையறுத்தார். நாழியும் உரியும் சேர்ந்தால் நாடுரி என்று புணரும் என்பதற்கும் ஒரு நூற்பா வைத்தார். ஒன்றரை நாழி அளக்கும் பெண்ணின் வாயில் வரும் சொல்லுக்கு இலக்கணம் செய்தவன் உலகில் வேறு எவன்? புறநானூற்றின் 189-ஆம் பாட்டில் நக்கீரனார், உலகாளும் வேந்தனுக்கும் இரவும் பகலும் உறங்காது விலங்கின்பின் அலையும் கல்லாத வேட்டுவனுக்கும் வேண்டிய உணவு ஒரே அளவு, நாழிதான் என்றார். மாந்தர் ஒப்பர் என்பதை அவர் அளவைக்கொண்டே கூறினார்.

இவ்வளவு பெருமையும் பேசிய பின்னர், ஒரு செய்தியைச் சொல்லாமல் இறங்கினால் நான் உண்மை பேசியவன் ஆகேன்.

என் தாய் நடவுக்கும் அறுப்புக்கும் செல்வார். கூலி, நாளுக்கு மூன்று படி நெல். நிலத்துக்காரர் எங்கள் ஊரில் மதிப்புக்குரியவர்; அவர் பெயர் இங்கு வேண்டியதில்லை. மாலையில் களத்தில் அளந்து போடுவார்கள். தாய் அதனை முந்தானையில் ஏந்திக்கொண்டுவந்து, வீட்டில் எங்கள் பாட்டியினுடைய பழம்படியால் மீண்டும் அளப்பார். ஒவ்வொரு நாளும் ஓர் உழக்குக் குறையும். அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்புக் கரியை எடுத்து அடுக்களைச் சுவரில் ஒரு கோடு இழுப்பார். மறுநாள் இன்னொரு கோடு. நான் அப்போது பள்ளியில் எண்சுவடி படித்துக்கொண்டிருந்தேன். அறுப்புக் காலம் முடிந்த ஓரிரவில் அக்கோடுகளை எண்ணினேன், 32 இருந்தன. முப்பத்திரண்டு உழக்கு எட்டு நாழி. எட்டு நாழி ஒரு மரக்கால். "அம்மா, ஒரு மரக்கால் நெல்!" என்று கூவினேன். என் கணக்கறிவைக் கண்டு அவர் மகிழ்வார் என்று நினைத்தேன். அவர் ஈரத்துணியை எடுத்துவந்து சுவரைத் துடைத்துவிட்டார்.

அந்த நிலத்துக்காரர் வீட்டில் இரண்டு படிகள் இருந்தன என்பது ஊரறிந்த மறை. கடன்நெல் திரும்ப வாங்கும்போது ஒன்று. கூலி அளக்கும்போது மற்றொன்று. அதுவும் போதாமல், வாங்கும்போது கும்பமாகக் குவித்து அளப்பதும், கொடுக்கும்போது கோலால் தலைவழித்து அளப்பதும் உண்டு. நடுப்பகலில் கூழ் வார்த்தால் அதற்கெனக் கூலியில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார்கள். மறுபருவத்தில் என் தாய்மாமன் எங்கள் வீட்டுப் படியைக் கையில் எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனார். "ஐயா, இதிலே அளந்து போடுங்க" என்றார். அந்தப் பருவம் முழுதும் எங்கள் தெருவில் மூன்று வீடுகளுக்கு வேலை இல்லை. அந்த ஆண்டுதான் வரகரிசிக் கஞ்சியும் இல்லாத நாள்களை நான் கண்டேன்.

பிறகு பத்தடிமான அளவைகள் எங்கள் பக்கத்துக்கு வந்து சேர்ந்தன. 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாடெங்கும் புகுத்தப்பட்டவை அவை. அரசு முத்திரை குத்திய இலிட்டர்க் குவளை ஒன்று ஊருக்குள் வந்தது. தெருப்பெண்கள் ஒன்றுகூடி, இனி இதனால்தான் அளக்கவேண்டும் என்று நின்றார்கள், வென்றார்கள். அன்று மாலை என் தாய் வீட்டுக்கு வந்து மீண்டும் அளக்கவில்லை. பின்னாளில் நான் தனித்தமிழ் வெறிகொண்ட இளைஞனாகி, 'இலிட்டர் என்னும் வேற்றுச்சொல்லைச் சொல்லாதீர்கள், அம்மா' என்று கூறியபோது அவர் சொன்ன விடை என் காதை விட்டு இன்னும் அகலவில்லை. "பேரு என்னவா இருந்தா என்னடா கண்ணு, அளவு சரியா இருக்குது" என்றார்.

அவையோரே! நாழியும் உழக்கும் நம்முடையவை. ஆனால் அந்த நாழிக்குள் அடிப்பலகை ஏற்றிவைத்தவனும் நம்மவன்தான். தமிழ்ப்பெயர் தாங்கிய பொய்யளவையைவிட, அயற்பெயர் தாங்கிய மெய்யளவை என் தாய்க்கு உயர்ந்ததாகப் பட்டது. அவரை நான் எப்படிக் குறைசொல்வேன்? ஊருக்கு ஊர் படி வேறு, மரக்கால் வேறு என்று விட்டுவைத்து, அந்த வேறுபாட்டிலேயே ஏழையைச் சுரண்டிக்கொழுத்தவர்கள் தமிழுக்குச் செய்த கேடு, அயலான் செய்த கேட்டினும் சிறிதன்று. முந்திரி, காணி, மா, மாகாணி, அரைக்கால் என்று முந்நூற்றிருபதில் ஒன்றுவரை கணக்கிட்ட நம் கீழ்வாய் இலக்கம் பள்ளியைவிட்டு வெளியேறியபோது, அதற்காக அழுதவர்கள் புலவர்கள் மட்டுமே, உழைப்பவர் அழவில்லை.

அயலான் மட்டும் நேர்மையாக அளந்தானா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. அவன் அளந்த அளவு வரலாற்றில் எழுதப்பட்டிருக்கிறது.

1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாது ஆண்டுப் பெரும்பஞ்சத்தில் நம் ஆர்க்காட்டு மாவட்டங்களும் அகப்பட்டுத் துடித்தன. தென்னாட்டிலும் தக்காணத்திலுமாக மாண்டவர்கள் 50 இலக்கத்துக்கும் மேல் என்பர். பஞ்சப்பணிகளில் கல்லுடைத்தும் மண்சுமந்தும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு எவ்வளவு கூலி கொடுக்கலாம் என்று பார்க்க, 1877-இல் கல்கத்தாவிலிருந்து இரிச்சர்டு தெம்பிள் என்னும் துரை வந்தார். ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு கூலமும் சிறிது காசும் போதும் என்று அவர் வரையறுத்தார். ஒரு பவுண்டு என்பது 454 கிராம். நம் அரைப்படிக்கும் குறைவு. நாள் முழுதும் கல்லுடைக்கும் ஆளுக்கு அது! சென்னையின் நலவழித்துறைத் தலைவராக இருந்த மருத்துவர் கார்னிசு, இவ்வளவைக்கொண்டு உழைக்கும் உடம்பு நில்லாது என்று வெளிப்படையாக எதிர்த்தார். ஆங்கிலவருள்ளும் அப்படி ஒருவர் இருந்தார் என்பதை மறைக்கக்கூடாது. அவ்வாண்டே சென்னை அரசு அவ்வளவைக் கைவிட்டுக் கூலியை உயர்த்த வேண்டியதாயிற்று. அதற்குள் செத்தவர்கள் செத்துவிட்டார்கள்.

இதற்கு முப்பதாண்டு முன்னர், 1845-இல், அயர்லாந்தில் உருளைக்கிழங்கு நோயுற்று அழுகியது. அங்கும் உழவுத்தொழிலாளியின் கூலி பெரும்பாலும் காசாக இல்லை. கிழங்கு விளைத்துக்கொள்ளச் சிறு துண்டுநிலமே அவனது கூலி. கிழங்கு அழுகியபோது உணவும் கூலியும் ஒரே நாளில் போயின. பத்து இலக்கம் பேர் மாண்டனர். ஏறத்தாழ அவ்வளவு பேர் கப்பலேறினர். கூலமும் கால்நடையும் அந்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து வெளியே சென்றுகொண்டே இருந்தன. அவர்களுடைய தாய்மொழியும் அப்பஞ்சத்துக்குப் பின் மேற்குக் கடற்கரையோரமாக ஒடுங்கிப்போயிற்று. மொழி பேசிய ஏழைகள்தாமே முதலில் மாண்டவர்கள்! அந்தப் பஞ்சக்காலத்தில் இலண்டன் கருவூலத்தில் அமர்ந்து, எவ்வளவு ஈயலாம், எவ்வளவு ஈயலாகாது என்று கணக்கிட்டவர் சார்லசு திரெவெலியன். அவரே பின்னர் 1859-இல் நம் சென்னை மாகாண ஆளுநராக வந்து அமர்ந்தார். அயர்லாந்தையும் நம்மையும் அளந்த கை ஒரே ஆட்சியின் கை.

ஆகவே பெயர் தமிழாயிருப்பதும் அயலாயிருப்பதும் ஒருபுறம். படியைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்பதே கேள்வி. ஆங்கிலவன் போய் இருபத்தோராண்டு கழிந்தபின், 1968 திசம்பர் 25-ஆம் நாள், தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. அவர்கள் ஒரு நாட்டைக் கேட்டார்களா? கூலிநெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்ட பூசல் அது. எரித்தவர் வாயிலும் தமிழ். எரிந்தவர் வாயிலும் தமிழ். தமிழன் என்று சொல்லடா என்று முழங்கும் எவரும் இந்த அரைப்படியைத் தாண்டிச் செல்ல முடியாது. குலத்தின் பெயரால் ஒருவனுடைய நாழியை மற்றொருவன் சிறிதாக்கும்வரை, தமிழர் என்னும் சொல்லுக்குள் அடிப்பலகை ஏற்றித்தான் இருக்கிறது.

நெல்லாகக் கொடுத்த கூலி பிறகு காசாயிற்று. இது நன்றா தீதா என்று அறிஞர்கள் வழக்காடுவர். நான் கண்டதைச் சொல்கிறேன். நெல்விலை ஏறினால் நெற்கூலி தானே ஏறும். எந்த அரசாணையும் வேண்டா. இன்று அலுவலருக்கு அகவிலைப்படி செய்யும் வேலையை அன்று நெல் தானாகவே செய்தது. ஆதலால் விலையேறிய ஆண்டுகளில் நிலத்துக்காரர் காசு கொடுக்க விரும்பினார்; தொழிலாளி நெல்லே கொடு என்றான். ஆனால் காசுக்கும் ஒரு நன்மை உண்டு. அதனை எந்தப் படியாலும் குறைத்து அளக்க முடியாது. அதைக் கையில் வைத்திருப்பவன் அடுத்த ஊருக்குப் பேருந்தேறிச் செல்லலாம். படியாளுக்கு அந்த உரிமை இருந்ததில்லை. மல்லாட்டை ஆய்வதற்கு மட்டும், ஆய்ந்த காயை அளந்து அதில் ஒரு பங்கு தரும் வழக்கம் நெடுநாள் நின்றது. பிள்ளைகளுக்கு வறுத்துக் கொடுக்கலாமே என்று பெண்கள் அதனை விரும்பியே சென்றார்கள்.

பெண்கள் என்றதும் ஒன்று. குனிந்து நாற்றை நட்ட பெண்ணுக்கு, வரப்பில் நின்று நாற்றுமுடி வீசிய ஆணினும் குறைந்த கூலி என்பது நம் ஊர்களில் கேள்வியின்றி நின்ற வழக்கம். 1976-இல் ஒத்த கூலிச் சட்டம் வந்தது, தாளில் வந்தது. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலையுறுதிச் சட்டத்தால் வந்த நூறுநாள் வேலையில்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதை எங்கள் ஊர்ப் பெண்கள் முதன்முதலாகக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். அதிலும் தோண்டிய மண்ணை அளந்து கூலியைக் குறைத்த கதைகள் உண்டு. மீண்டும் அளவை! 2011-இல் இத்தமிழ்நாட்டில் விலையில்லா அரிசி வந்தபின் பட்டினி என்னும் சொல்லைப் பல வீடுகள் மறந்தன; அதனை வாழ்த்துகிறேன். அதே அரிசி கேழ்வரகுப் பானையை அடுப்பிலிருந்து இறக்கிவைத்ததையும் கண்டேன்.

இத்திருவண்ணாமலை சோறிடுவதற்குப் பெயர்பெற்ற ஊர். முழுநிலா நாளில் மலைவலம் வருவோர்க்கு வழிநெடுகச் சோறும் நீர்மோரும் கிடைக்கும். ஆடியில் தெருத்தோறும் மாரியம்மனுக்குக் கூழ் வார்ப்பார்கள். இடுவதற்கு இங்கே கைகள் குறைவில்லை. கூலியை முழுப்படியாய் அளந்து போட்டிருந்தால், இத்தனை பேர் இலையேந்தி வரிசையில் நிற்கவேண்டி வந்திருக்குமா என்று அந்த வழியில் நடக்கும்போதெல்லாம் நினைப்பேன். ஈகை பெரிது, மறுக்கவில்லை. உழைத்தவனுக்குரியதைப் பிடித்துவைத்துக்கொண்டு செய்யும் ஈகைக்கு என்ன பெயரென்று நீங்களே சொல்லுங்கள்.

உங்களிடம் ஒரு வேலை ஒப்படைத்துவிட்டு விடைபெறுகிறேன். இன்று வீட்டுக்குச் சென்றதும், வீட்டிலோ தெருவிலோ உள்ள அகவை மூத்த பெண்ணின் அருகில் உட்காருங்கள். பிடி, சிரங்கை, ஆழாக்கு, உழக்கு என்று அவர் எதனால் எதை அளந்தார் என்று கேளுங்கள். நடவுக்கு என்ன கூலி, அறுப்புக்கு என்ன, ஆணுக்கு எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு, கூழ் வார்த்தால் எவ்வளவு குறைத்தார்கள், யாருடைய படியால் அளந்தார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் சொல்லை, நம் இலக்கணத்துக்கேற்பத் திருத்தாமல், அவர் வாயில் வந்தபடியே எழுதுங்கள். பரணில் பழம்படியோ உழக்கோ கிடந்தால் இறக்கித் துடைத்து, நீர் நிரப்பி, எத்தனை இலிட்டர் கொள்கிறதென்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் ஊரில் இரண்டு வீட்டுப் படிகள் ஒவ்வாதிருந்தால், இரண்டையும் குறியுங்கள். அந்த வேறுபாடே நமக்கு வேண்டியது. எழுதியவற்றை இவ்விதழுக்கு விடுத்துவையுங்கள். எங்கள் வீட்டுப் பழம்படி இன்றும் என்னிடம் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு அதனை நான் கொண்டுவருகிறேன். நீங்களும் உங்களுடையவற்றைக் கொண்டுவாருங்கள். இம்மேடையிலேயே ஒன்றோடொன்று வைத்து அளந்து பார்ப்போம்.